முத்திரை எதைச் சொல்கிறது?

மொராக்கோவின் தலைநகர் ரபாத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அரபு லீக்கின் கீழ் இயங்குவது. தொழில் வளர்ச்சி, தரநிர்ணயம், சுரங்கம் ஆகியவற்றில் அரபு நாடுகளை ஒன்றுசேர்ந்து நடக்க வைப்பது அதன் வேலை. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிற கண்ணமங்கலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாடுகள் பல ஆண்டுகளாகப் பேசித் தீர்க்கப் பார்க்கிற சிக்கல் எதுவோ, அதுவேதான் ஆரணிப் பக்கத்து ஒவ்வொரு பட்டுத் தறியிலும் தினமும் எதிரே வந்து நிற்கிறது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தறியிலிருந்தே தொடங்குவோம்.

தறியில் பாதி நெய்து நிற்கிற ஒரு சேலையைப் பார்ப்போம். அதில் உள்ள பட்டு தருமபுரிக் கூடாகவோ, கர்நாடகத்து ராமநகரச் சந்தைக் கூடாகவோ தொடங்கியிருக்கலாம். சீனாவிலிருந்து கப்பலில் வந்த கச்சாப் பட்டாகவும் இருக்கலாம். ஜரிகை பெரும்பாலும் சூரத்துச் சரக்கு. அல்லது காஞ்சிபுரத்தில் அரசு நடத்தும் தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்துடையது. சாயம் போட்டவர் ஒருவர், பாவு ஓட்டியவர் ஒருவர். நெய்பவர் இங்கே. விற்பவர் காஞ்சிபுரத்திலோ சென்னை தியாகராய நகரிலோ. கட்டுபவர் சிங்கப்பூரில்கூட இருக்கலாம். இந்த வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் ஒருபோதும் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் சேலை பிசகாமல் வந்து சேர்கிறது. எப்படி?

கல்யாண வீட்டில் நாலு வீட்டு அண்டாவும் நாலு வீட்டு மூடியும் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றின் மூடி இன்னொன்றில் உட்காராது. எல்லா வீட்டாரும் முன்பே பேசி ஒரே அளவில் அண்டா வாங்கியிருந்தால் எந்த மூடியை எடுத்தாலும் பொருந்தும். தரநிர்ணயம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோமே, அது இவ்வளவுதான். ஒன்றை மட்டும் இப்போதே கவனித்து வைத்துக்கொள்வோம்: மூடி பொருந்துகிறது என்பதால் உள்ளே இருக்கிற சாம்பார் ருசியாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இந்த இடத்துக்குத் திரும்ப வருவோம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

முதலில் எடை. பட்டு எடைக்கு விற்கிற பொருள். பட்டுக்கு ஈரம் உறிஞ்சுகிற குணம் உண்டு. அதன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரம் ஏறினாலும் தொட்டுப் பார்க்கிற கைக்கு ஈரமாகத் தெரியாது. ஐப்பசி மழையில் வாங்கிய ஒரு கிலோவும் சித்திரை வெயிலில் வாங்கிய ஒரு கிலோவும் ஒன்றாக இருக்க முடியாது. மழைக்காலத்தில் வாங்குகிறவர் பட்டு விலைக்குத் தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறார். விற்பவர் ஏமாற்றினார் என்று சொல்லவும் முடியாது. அவர் தராசு சரியாகத்தான் இருக்கிறது.

ஐரோப்பாவின் பட்டு நகரமான லியோனில் இதே சண்டை நடந்தது. 1805இல் நெப்போலியன் ஆணையின்படி அங்கே பட்டின் ஈரத்தை அளந்து எடை சொல்வதற்கென்றே பொதுவான ஒரு கூடம் வந்தது. இப்போதைய முறை எளிது. சிப்பத்திலிருந்து கொஞ்சம் நூலை எடுத்து, இனி எடை குறையாது என்கிற வரை சூட்டில் உலர்த்துகிறார்கள். அந்த உலர்ந்த எடையோடு ஒரு குறிப்பிட்ட அளவு ஈரத்தைக் கணக்கில் சேர்த்து, அதையே விற்பனை எடையாக வைத்துக்கொள்கிறார்கள். இன்று உலகம் ஏற்றுக்கொண்ட அளவு 11 சதவீதம். உலர்ந்த பட்டு 100 கிராம் என்றால் வணிகக் கணக்கில் 111 கிராம். 11 என்ற எண்ணில் தெய்வீகம் ஒன்றும் கிடையாது. பத்தாகவோ பன்னிரண்டாகவோ வைத்திருந்தாலும் வியாபாரம் நடந்திருக்கும். எல்லோரும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் அதன் பலம்.

எடைச் சிக்கல் அதோடு முடியவில்லை. புழு தன் கூட்டைக் கட்டும்போது இழையின் மேல் ஒரு பசையைப் பூசிக்கொள்கிறது. செரிசின் என்று பெயர். சாயம் ஏறவும் பளபளப்பு வரவும் அந்தப் பசையைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து நீக்குகிறார்கள். அப்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். ஒரு கிலோ கச்சாப் பட்டு முக்கால் கிலோவை ஒட்டித்தான் திரும்பி வரும். பட்டையும் ஜரிகையையும் கிராம் கணக்கில் கொடுத்து, நெய்த சேலையைக் கிராம் கணக்கில் திரும்ப வாங்குவதுதான் இங்கே கூலி நெசவின் வழக்கம். எது கழிவு, எவ்வளவு சேதாரம் என்று முன்பே ஒத்துக்கொள்ளாவிட்டால் சேலை கொடுக்கிற அன்றெல்லாம் தகராறுதான். எந்த அரசிதழிலும் வராத இந்தச் சேதாரக் கணக்கும் ஒரு தரநிர்ணயம்தான். எழுதப்படாததால், தகராறு என்று வந்தால் பலம் குறைந்தவர் பக்கம் அது நிற்பதில்லை. அப்படிக் குறைந்து நிற்பவர் பெரும்பாலும் தறியில் உட்கார்ந்திருப்பவர்.

அடுத்தது நூலின் பருமன். பட்டிழையை அடிக்கோலால் அளக்க முடியாது. அதனால் வேறு வழி பிடித்தார்கள்: 9,000 மீட்டர் நீள இழை எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். 20/22 டெனியர் என்று சிப்பத்தில் போட்டிருந்தால், இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில் நிற்கிற இழை என்று பொருள். அதை முறுக்கி இரட்டித்துப் பாவுக்கு ஒரு விதமாகவும் ஊடைக்கு ஒரு விதமாகவும் தயார் செய்கிறார்கள். சிப்பத்துக்குச் சிப்பம் டெனியர் மாறினால், ஒரே பாவில் சில இழை இறுகும், சில தளரும். நெய்பவர் காலை முழுக்க அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இழை சீராக இருக்கிறதா என்று பார்க்கிற முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கறுப்புப் பலகையில் இழையை நெருக்கமாக, சம இடைவெளியில் சுற்றுகிறார்கள். கறுப்பின் மேல் வெள்ளை இழை பட்டை பட்டையாகத் தெரியும். மெலிந்த இடத்தில் கறுப்பு எட்டிப் பார்க்கும், தடித்த இடம் வெளுத்துத் தெரியும். இழையில் முடிச்சோ பிசிறோ இருந்தால் தப்பாது. பக்கத்தில் எல்லா நாட்டாரும் ஒப்புக்கொண்ட மாதிரிப் புகைப்படங்கள் இருக்கும். பரிசோதகர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து மதிப்பெண் போடுகிறார். இப்படிச் சில சோதனைகளின் மதிப்பெண்ணை வைத்துத்தான் 2ஏ, 3ஏ, 4ஏ என்று தரம் பிரிக்கிறார்கள். பின்னால் மின்னணுக் கருவியால் சோதிக்கிற முறையும் வந்து, 2014இல் ஐ.எஸ்.ஓ. என்ற உலகத் தர அமைப்பு அதற்கென்று விதியே வெளியிட்டது. ஆனாலும் ஒரு கறுப்புப் பலகையும் ஒரு மனிதக் கண்ணும் இத்தனை காலம் உலகப் பட்டு வணிகத்தைத் தாங்கி நின்றது சாதாரண விஷயமில்லை.

இனி அந்தத் தடுக்குகிற இடத்துக்கு வருவோம். கடையில் சேலையோடு தொங்குகிற அட்டையைப் பார்த்து, "முத்திரை இருக்கிறது, அதனால் நல்ல சேலை" என்று நினைக்கிறோம். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். முத்திரை அப்படிச் சொல்வதே இல்லை. ஒவ்வொரு முத்திரையும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். மற்றக் கேள்விகளைக் கேட்டால் வாயைத் திறக்காது.

சில்க் மார்க்கை எடுத்துக்கொள்வோம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் வந்தது. இது பதில் சொல்கிற கேள்வி: இந்த நூல் இயற்கைப் பட்டா? ஆமாம், புழு நூற்ற பட்டுதான், பாலியஸ்டரோ விஸ்கோஸோ கலக்கவில்லை. அதோடு அதன் பேச்சு முடிந்தது. கைத்தறியில் நெய்ததா, விசைத்தறியிலா? சொல்லாது. இரண்டுக்குமே சில்க் மார்க் கிடைக்கும். ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா? சொல்லாது. சாயம் நிற்குமா, ஆரணியில் நெய்ததா, கொடுத்த விலை தகுமா? ஒன்றுக்கும் பதில் இல்லை.

கைத்தறியா என்ற கேள்விக்கு வேறு முத்திரை: 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க். அது கையால் நெய்தது என்று மட்டும் சொல்லும். பருத்திக்கும் அதே முத்திரைதான். எந்த ஊர் என்ற கேள்விக்குப் புவிசார் குறியீடு. அதற்கான பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டும் ஆரணிப் பட்டும் தனித்தனியாக அதில் பதிவானவை. பல கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிற முயற்சியும் உண்டு. 2015 ஆகஸ்ட் 7 அன்று, முதல் தேசியக் கைத்தறி தினத்தில், சென்னையில் தொடங்கிவைத்த இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் நூல், சாயம், நெசவு என்று தரத்தையும் பார்க்கிறது. அந்த அட்டையை எத்தனை கடைகளில் பார்த்திருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜரிகைதான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். நல்ல ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றி, மேலே தங்க முலாம் பூசியது. அதிலும் தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். வெள்ளிக்குப் பதில் செம்பை வைத்து முலாம் பூசிய ஜரிகையைக் கடைக்காரர்கள் 'டெஸ்டட்' என்கிறார்கள். சோதித்துத் தேறியது என்று நினைத்து மகிழ்ந்துவிடாதீர்கள். அதற்கும் கீழே பிளாஸ்டிக் ஜரிகை. மூன்றுமே சில்க் மார்க் ஒட்டிய சேலையில் இருக்கலாம், யாரும் விதியை மீறவில்லை. "பழைய பட்டுப்புடவை வாங்குறோம்" என்று தெருவில் வருகிறவர் சில்க் மார்க் அட்டையைக் கேட்கிறாரா பாருங்கள். ஜரிகையை உரசிப் பார்த்துத்தான் விலை சொல்கிறார். தன் கேள்வி எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தங்கத்தில் இந்தக் குழப்பம் நமக்கு ஓரளவு தீர்ந்திருக்கிறது. 916 ஹால்மார்க் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று மட்டும்தான் பொருள், நகையின் வேலைப்பாடு பற்றி அது பேசாது என்று வீட்டுப் பெரியம்மாவுக்குக்கூடத் தெரியும். 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் அதைக் கட்டாயமாக்கிய பிறகு பேரம் முழுக்க செய்கூலி, சேதாரம் பக்கம் நகர்ந்துவிட்டது. சில்க் மார்க் கட்டாயம் கிடையாது, விரும்பிச் சேர்கிறவர்களுக்கு மட்டும். பட்டு விஷயத்தில் நாம் இன்னும் பெரியம்மா அளவுக்கு வரவில்லை.

நாடுகளும் சான்று, முத்திரை என்று வரும்போதுதான் தடுக்கின. அரபு நாடுகள் தங்களுக்குள் சுங்க வரியைக் குறைக்க 1998இல் தொடங்கின. 2005இல் பெரும்பாலான நாடுகளுக்கிடையே அது பூஜ்யத்துக்கு வந்தது. வரி போய்விட்டால் சரக்கு தண்ணீராக ஓடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வரி இருந்த இடத்தில் தரம் உட்கார்ந்துகொண்டது. உன் நாட்டுச் சோதனைச் சான்று இங்கே செல்லாது, மறுபடி சோதிக்க வேண்டும், அதுவரை சரக்கு துறைமுகத்தில் இருக்கட்டும். வரி கட்டுவதைவிடக் காத்திருப்பது அதிகச் செலவு.

வளைகுடாவில் வேலை பார்த்த யாராவது நம் தெருவில் இருப்பார்கள். அவர்களுக்குப் புரிகிற ஓர் உதாரணம் சொல்கிறேன். சவூதி அரேபியாவின் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி. சுற்றியிருக்கிற குவைத், பஹ்ரைன், கத்தார், அமீரகம், ஓமன் எல்லாம் 50. தனித்தனியாக இருந்தவரை கவலையில்லை. ஆறு நாடுகளும் மின்கம்பியால் இணைய முடிவு செய்தபோது, 50ஐயும் 60ஐயும் நேரடியாகக் கோக்க முடியாது என்று நின்றது. சவூதியில் அல் ஃபாதிலி என்ற இடத்தில் 1,800 மெகாவாட் அளவுக்கு ஒரு மாற்று நிலையம் கட்டினார்கள். அங்கே மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி, மறுபக்கம் வேறு சுழற்சியில் மாறுதிசையாகத் திருப்புகிறார்கள். 50 நல்லதா, 60 நல்லதா? இரண்டும் நல்லதுதான். ஒன்றாக இல்லாததற்குக் கொடுத்த விலைதான் அந்த நிலையம்.

வளைகுடா நாடுகள் ரியாத்தில் தங்களுக்கென்று ஒரு தரநிர்ணய அமைப்பையும் வைத்துக்கொண்டன. 2001இல் முடிவெடுத்து 2004இல் வேலை தொடங்கியது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களிலும் சில வீட்டு மின்சாதனங்களிலும் அதன் 'ஜி' முத்திரையைப் பார்க்கலாம். அரபு எழுத்துகளைக் கணினியில் ஏற்றுவதற்கும் அரபு நாடுகளின் தர அமைப்பு ஒன்று 1986இல் ஒரு குறியீட்டு அட்டவணை வகுத்தது. அடுத்த ஆண்டே உலகத் தரமாகவும் அது ஏற்கப்பட்டது. நாம் இதில் கொஞ்சம் தாமதம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகுதான் தமிழ்99 விசைப்பலகையும் எழுத்துக் குறியீட்டுத் தரமும் அரசின் ஒப்புதல் பெற்றன. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசிய காலம் அது. அப்படியும் ஒரு கடையில் தட்டச்சிட்ட கல்யாணப் பத்திரிகை இன்னொரு கடைக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிவது நிற்க, யூனிகோடு பரவ வேண்டியிருந்தது.

நம் பக்கத்து நாடுகளுக்கும் ஓர் அமைப்பு உண்டு. சார்க் நாடுகளின் தர அமைப்பு டாக்காவில் இருக்கிறது. ஒப்பந்தம் 2011இல் நடைமுறைக்கு வந்தது, 2014இல் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. சணல், துணி, தோல் இவற்றுக்கென்று தனிக் குழுவும் வைத்தார்கள். ஆனால் சார்க்கின் உச்சி மாநாடே 2014இல் காத்மாண்டுவில் கூடியதோடு சரி. தலைவர்கள் பேசாத இடத்தில் சோதனைக் கூடங்கள் எவ்வளவு தூரம் பேசிவிடும்?

விதியை ஒரே மாதிரி எழுதுவது எளிது. நாலு நிபுணர்களை ஓர் அறையில் உட்கார வைத்தால் எழுதிவிடுவார்கள். நீ சோதித்துச் சொன்னதை நான் மறுபடி சோதிக்காமல் ஏற்றுக்கொள்வேன் என்பதுதான் கடினம். அதற்கு உன் சோதனைக்கூடத்தை நான் நம்ப வேண்டும், உன் பரிசோதகர் கையூட்டு வாங்கமாட்டார் என்றும் நம்ப வேண்டும். லியோனில் அந்தக் கூடம் நிலைத்தது பொதுவாக இருந்ததால். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அது சொந்தமில்லை.

ஆரணிக்கு இது தூரத்துக் கதை இல்லை. இங்கே நெய்த சேலை காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரில் விற்பது நெடுநாள் பழக்கம். ஆரணிப் பட்டுக்குத் தனிக் குறியீடு வந்த பிறகும் பெயர் அங்கேயே போகிறது. பெயரைப் பாதுகாக்கச் சட்டம் போதும். பெயருக்கு விலை வர, வாங்குகிறவர் அந்தப் பெயரைக் கேட்க வேண்டும். இன்னொன்று: சில்க் மார்க் அட்டையை வாங்கி ஒட்டுகிற உரிமை பதிவு செய்துகொண்ட உற்பத்தியாளருக்கும் வியாபாரிக்கும்தான். கூலிக்கு நெய்பவர் கையில் அது இல்லை. முத்திரைகள் பெரும்பாலும் வாங்குபவரின் கேள்விக்குப் பதில் சொல்பவை. நெய்பவரின் உழைப்பு எத்தனை நாள், கூலி என்ன என்று சொல்கிற முத்திரை ஒன்றும் இவற்றில் இல்லை. என்னைக் கேட்டால், அடுத்து வர வேண்டியது அதுதான். பாவு நூலைக் கையில் கொடுக்கும் முன் டெனியரையும் ஈரத்தையும் பொதுவான ஓர் இடத்தில் அளந்து எழுதிக் கொடுக்கிற வசதி கண்ணமங்கலம் மாதிரி ஊர்களின் பக்கத்திலேயே வந்தால், சேதாரத் தகராறில் பாதி அன்றைக்கே தீரும்.

அதுவரை வாங்குகிற நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பட்டுக்கடையில் "நல்ல சேலையா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எந்தக் கடைக்காரரும் இல்லை என்று சொன்னதில்லை. நூல் பட்டா, தறி கைத்தறியா, ஜரிகை வெள்ளியா செம்பா, நெய்த ஊர் எது என்று தனித்தனியாகக் கேளுங்கள். கிடைத்த பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் சண்டை என்று வந்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால், சேல்ஸ்மேன் வாயால் சொன்னது நிற்காது. பில்லில் எழுதியது நிற்கும்.